சுகர் இருக்குன்னு எழுதணுமா?



ஒரே கேள்வி வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு கையெழுத்தில் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அண்மையில் வந்த ஒரு வாசகியின் கடிதத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்கூட்டியில் போனவரைப் பின்னால் வந்த கார் தட்டிவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆறு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர். புண் ஆற நாளாகிறது. வீட்டில் கொழுந்தனார் சொல்லியிருக்கிறார்: "சுகர் இருக்குன்னு வாயே தொறக்காதீங்க அண்ணி. கிளைம் போயிடும்." கடிதத்தின் கடைசி வரி இது: "ஃபார்மில் எழுதணுமா, எழுதாமல் விட்டுவிடலாமா?"

எழுதுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால், அந்த ஒரு சொல்லோடு கடிதத்தை முடித்து அனுப்பினால் அவருக்கு உறக்கம் வராது என்று தெரியும். கொழுந்தனாரின் பயமும் காரணமில்லாத பயம் அல்ல. பழைய நோயைக் காட்டிப் பணத்தைக் குறைப்பதும் மறுப்பதும் நடக்கத்தான் செய்கின்றன. எங்கே நடக்கும், எங்கே நடக்கக்கூடாது என்பதைப் பிரித்துப் பார்த்தால் பயம் பாதியாகும். அதற்காகவே இந்த முறை என் பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாற்பதைத் தாண்டியவரிடம் பழைய நோய் இல்லை என்றால்தான் ஆச்சரியம். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். – இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டுமே சுமார் 10 கோடி பேர். பிரஷர், தைராய்டு, கழுத்தெலும்புத் தேய்மானம், முழங்கால் வலி, இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் எல்லோரையும் சேர்த்தால் சாலையில் போகிறவர்களில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? உடம்பில் எந்தக் கோளாறும் இல்லாதவருக்கு மட்டும்தான் விபத்துக் காப்பீடு என்றால் அந்தத் தொழிலையே மூடிவிட வேண்டியதுதான். ஆகவே கம்பெனியின் கேள்வி "உங்களுக்கு நோய் உண்டா?" என்பதோடு நிற்பதில்லை. "இந்தக் காயம் எதனால் வந்தது?" என்பதுதான் அவர்கள் கேட்பது. நாம் ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டியதும் அதற்குத்தான்.

அந்தப் பதில் எங்கே எழுதப்படுகிறது தெரியுமா? கிளைம் ஃபார்மில் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதற்கு வெகு முன்பே, ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், ரத்தம் காய்வதற்குள் எழுதப்பட்டுவிடுகிறது.

அரசு மருத்துவமனைகளில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஏ.ஆர். என்பார்கள். அதன் நகல்தான் வக்கீல் குமாஸ்தாவிலிருந்து போலீஸ் ஏட்டு வரை எல்லோரும் கேட்கிற 'ஏ.ஆர். காப்பி'. பணி மருத்துவர் கேட்கும் கேள்விகள் மிகச் சில. எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது? யார் கொண்டுவந்தார்கள்? வேறு நோய் ஏதும் உண்டா? பக்கத்தில் இன்னும் நான்கு ஸ்ட்ரெச்சர்கள் காத்திருக்கும். சொன்னதை இரண்டு வரியில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். அடிபட்டவர் அரை மயக்கத்தில் இருப்பார். பதில் சொல்வது பெரும்பாலும் கூட வந்தவர், சில நேரம் முன்பின் தெரியாதவர். அவர் விபத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். "தலை சுத்தி விழுந்துட்டாங்கபோல சார், சுகர் இருக்காம்" என்று சொல்லிவைப்பார். நல்ல மனதோடு, உதவி செய்ய வந்த இடத்தில் சொன்னது. அது அப்படியே பதிவாகிவிடும்.

ஆறு மாதம் கழித்து கம்பெனியின் கோப்பில் முதல் தாளாக நிற்பது அந்த வரிதான். கார் மோதியதால் விழுந்தாரா, சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தாரா? முதலாவது விபத்து, இரண்டாவது நோய். 'போல' என்று அந்த மனிதர் சொன்னது மட்டும் பதிவேட்டில் ஏறியிருக்காது.

இப்படிச் சொல்வதால் யாரும் கதை கட்டச் சொல்கிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். பார்த்ததைச் சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால் "நான் பார்க்கவில்லை, விழுந்து கிடந்ததைத்தான் பார்த்தேன்" என்று சொல்லுங்கள். அடிபட்டவர் பேசும் நிலையில் இருந்தால் அவரையே பேச விடுங்கள். மோதிய வண்டி எது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, இடம் எது என்ற மூன்றும் பதிவாகட்டும். சர்க்கரையையும் சொல்லுங்கள், போட்டுக்கொள்ளும் மாத்திரையையும் சொல்லுங்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர் அதை மறைத்து ஆபரேஷன் டேபிளில் படுத்தால் கிளைம் கேட்க ஆள் இருக்காது. பிழையாக ஏதாவது பதிவாகிவிட்டது தெரிந்தால், காலம் கடத்தாமல் அந்த மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலருக்கு எழுத்துமூலம் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். பழைய வரி அழியாது. ஆனால் மறுத்த தேதி உங்கள் பக்கம் நிற்கும்.

எது முதலில் நடந்தது என்ற வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ஒரு வழக்கைச் சொல்லலாம். மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவருக்கு நெஞ்சிலும் தோளிலும் வலி. வண்டியோடு விழுந்தார், இறந்தார். ஆயுள் காப்பீட்டின் அடிப்படைத் தொகை குடும்பத்துக்குக் கிடைத்தது. விபத்து மரணத்துக்கான கூடுதல் தொகையைக் கேட்டார்கள். நுகர்வோர் மன்றங்களைத் தாண்டி டெல்லி வரை போனது. விழுந்ததில் ஏற்பட்ட காயம்தான் மரணத்துக்குக் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை, மாரடைப்புதான் முதலில் வந்தது என்று சொல்லி நீதிமன்றம் மறுத்துவிட்டது. சாலையில் நடந்தது, வண்டியில் நடந்தது என்பதாலேயே ஒன்று விபத்தாகிவிடாது.

நம் பாலிசிகளில் விபத்துக்குக் கொடுத்திருக்கும் இலக்கணமும் இதையே சொல்கிறது. திடீரென்று, எதிர்பாராமல், நம் விருப்பமில்லாமல், வெளியிலிருந்து, கண்ணுக்குத் தெரியும்படி, வன்மையாக நேர்ந்ததாக இருக்க வேண்டும். வண்டி இன்ஷூரன்ஸோடு சேர்த்து உரிமையாளர் தமக்காக எடுக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. காயம் 'வேறெந்தக் காரணமும் சேராமல்' ஆறு மாதத்துக்குள் மரணத்துக்கோ ஊனத்துக்கோ கொண்டுபோயிருக்க வேண்டும். அந்தச் சொற்களைத்தான் கம்பெனி வக்கீல்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் எல்லாம் 'வேறு காரணம்' ஆகிவிடும்.

அதனால் இன்னொரு கசப்பான விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விபத்தில் ஒருவர் இறந்துபோகும்போது, "போனவரை எதற்கு அறுக்கணும்?" என்று பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று கெஞ்சும் குடும்பங்கள் உண்டு. அந்தத் துக்கத்தில் யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால், இதய நோய் இருந்த மனிதர் தலைக்காயத்தில்தான் இறந்தார் என்று நிரூபிக்க அந்த அறிக்கையைவிட வலுவான தாள் வேறு இல்லை. பக்கத்தில் நிற்கும் சித்தப்பாவோ மாமாவோ இதை எடுத்துச் சொல்ல வேண்டிய நேரம் அது.

இனி இரண்டு வாசல்களைப் பிரிப்போம். ஒன்று, நம் சொந்தப் பாலிசி. மற்றொன்று, மோதியவரின் வண்டிக்கான இன்ஷூரன்ஸ். பழைய நோயைப் பற்றி இரண்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றல்ல. நம் ஆட்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்.

சொந்தப் பாலிசி ஓர் ஒப்பந்தம். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரல் முதல் அது அதிகபட்சம் 36 மாதம், முன்பு 48 ஆக இருந்தது. இந்தக் காலம் முடிவதற்குள் அந்த நோய்க்கும் அதன் நேரடிச் சிக்கல்களுக்கும் பணம் கிடைக்காது. ஆனால், நோய் இருக்கிறது என்பதற்காக விபத்தில் முறிந்த எலும்புக்குப் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. பாலிசி எடுத்த முதல் 30 நாள் எந்த நோய்க்கும் கிடையாது என்ற விதி விபத்துக்குப் பொருந்தாது. குடலிறக்கம், கண்புரை, மூட்டு மாற்று என்று ஒரு பட்டியல் போட்டு, இவற்றுக்கு இத்தனை மாதம் பொறுங்கள் என்கிறார்களே, அந்த விதிக்கும் விபத்து விலக்குதான். இந்த இரண்டையும் பாலிசிப் புத்தகத்திலேயே அச்சடித்திருப்பார்கள். எழுத்து பொடியாக இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள்.

சண்டை வருவது விபத்துக்கும் நோய்க்கும் இடைப்பட்ட செலவில். நம் வாசகியின் பில்லையே பாருங்கள். பிளேட், ஸ்க்ரூ, ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் விபத்துக் கணக்கு. நடுவில் இன்சுலின், சர்க்கரை மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம், புண் ஆறாததால் கூடிய நாட்கள். கம்பெனி இவற்றைப் 'பழைய நோய்' என்று கழிக்கப் பார்க்கும். மாத்திரையில் இருந்தவரை அறுவை சிகிச்சைக்காக இன்சுலினுக்கு மாற்றினார்கள் என்றால் அது அறுவை சிகிச்சையின் செலவு. அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே வரியில் டாக்டர் எழுதியிருந்தால் வாதாட ஆதாரம் இருக்கும். எழுதாவிட்டால் நம் வாய்ச்சொல்தான். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்தச் சம்மரியைப் படிக்காமல் பைக்குள் திணிக்காதீர்கள். 'விழுந்ததால்' என்று இருக்கிறதா, எந்த வண்டி என்று இருக்கிறதா, ஏ.ஆர். எண் இருக்கிறதா, பழைய நோய் எத்தனை வருடமாக என்று இருக்கிறது? 'ஆறு வருடம்' என்பது தட்டச்சில் 'பதினாறு' ஆகிப் படுத்திய பாடுகள் எங்கள் கடிதக் கட்டிலேயே இருக்கின்றன. கையோடு திருத்தி வாங்குவது பத்து நிமிட வேலை, பிறகு என்றால் பத்து நடை.

வயதானவர்களின் இடுப்பெலும்பு முறிவு தனிக் கதை. எலும்பு மெலிந்திருக்கிறது, தானாகவே முறிந்தது என்று கம்பெனி சொல்லும். பேருந்துப் படியிலிருந்து தவறி விழுந்த பாட்டிக்கு எலும்பு மெலிந்துதான் இருக்கும், எழுபது வயதில் வேறெப்படி இருக்கும்? விழாமல் முறிந்ததா, விழுந்து முறிந்ததா என்பதுதான் கேள்வி. எக்ஸ்ரே அறிக்கையிலும் டாக்டர் குறிப்பிலும் விழுந்த விவரம் இருந்தால் பாட்டி ஜெயித்தார்.

தலையில் அடிபட்ட முதியவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இதயத்துக்காக எக்கோஸ்பிரின், குளோபிடோகிரல் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர் கதவு நிலையில் லேசாக இடித்துக்கொண்டால்கூட உள்ளே ரத்தம் மெதுவாகக் கசிந்து, வாரங்கள் கழித்து நடை தள்ளாடும், பேச்சு குழறும். அப்போது ஸ்கேன் எடுத்தால் மண்டைக்குள் ரத்தக்கட்டு. "எப்போது அடிபட்டது?" என்று கேட்டால் காட்ட ஒரு சீட்டும் இருக்காது. மாத்திரையால் வந்த கசிவு என்று கோப்பை மூடிவிடுவார்கள். அடிபட்ட அன்றே மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். கிளைமுக்காக இல்லை என்றாலும், உயிருக்காக அது தேவை.

சர்க்கரை உள்ளவர்களின் கால்விரல் நசுங்கி, புண் அழுகி, கடைசியில் பாதத்தை எடுக்க நேர்ந்தால் என்ன ஆகும்? உறுப்பிழப்புக்கான தொகையைக் கேட்கும்போது, அழுகியது சர்க்கரையால் என்பார்கள். அங்கே உதவுவது, சேர்ந்த அன்று எடுத்த மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு. அது கட்டுக்குள் இருந்தது என்றால் வாதம் உங்கள் பக்கம் சாயும். கட்டு மாற்றும்போதெல்லாம் புண்ணை போனில் படமெடுத்து வையுங்கள், தேதியோடு.

பாலிசி எடுத்த நாளுக்குத் திரும்புவோம். பெரும்பாலான கிளைம்கள் தோற்பது விபத்து நடந்த இடத்தில் அல்ல, விண்ணப்பப் படிவத்தில். ஏஜென்ட் தம்பி நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "அதெல்லாம் எழுத வேண்டாம்க்கா, பிரீமியம் ஏறிடும்" என்று எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' போட்டுவிடுவார். கையெழுத்து நம்முடையது. 2009-இல் இப்படி ஒரு வழக்கில், சர்க்கரையையும் சிறுநீரகப் பாதிப்பையும் மறைத்து எடுத்த மருத்துவப் பாலிசியில் கம்பெனி பணம் மறுத்தது சரிதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறைத்த நோய்க்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்றால்? 2015-இல் வேறொரு வழக்கு. முதுகெலும்புத் தேய்மானத்தைச் சொல்லாமல் விட்டவர் மாரடைப்பில் இறந்தார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நோயைச் சொல்லவில்லை என்பதற்காகக் குடும்பத்துக்குப் பணத்தை மறுக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்குச் சொன்னது. 2021-இல் மற்றொன்று. சர்க்கரை இருப்பதைச் சொல்லித்தான் வெளிநாட்டுப் பயண மருத்துவப் பாலிசி எடுத்தார் ஒருவர். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் மாரடைப்பு. கம்பெனி மறுத்தது. உடல்நிலையை அறிந்து, பிரீமியமும் வாங்கிக்கொண்டு பாலிசி கொடுத்தபின், அதே உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: மறைத்தவர் நீதிபதியின் மனதை நம்பி நிற்கிறார், சொன்னவர் தன் விண்ணப்பத்தையே நீட்டுகிறார். கொழுந்தனார் கோபிக்க வேண்டாம்.

பாலிசி எடுத்தாகிவிட்டது, ஏஜென்ட் 'இல்லை' போட்டது இப்போதுதான் தெரிகிறது என்பவர்கள் புதுப்பிக்கும்போது எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள். பிரீமியம் ஏறலாம், ஏறட்டும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுக்க முடியாது என்ற பாதுகாப்பும் இப்போது இருக்கிறது.

நோயைப் பற்றி எதுவுமே கேட்காத பாலிசியும் உண்டு. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, 2015-இல் 12 ரூபாயில் தொடங்கியது, 2022 ஜூன் முதல் வருடத்துக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு இருந்தால் போதும். விபத்தில் இறந்தாலோ இரண்டு கண், இரண்டு கை, இரண்டு கால் என்று இழந்தாலோ 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ காலோ போனால் 1 லட்சம். சாலை விபத்து என்றால் போலீஸில் பதிவாகியிருக்க வேண்டும், பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது என்றால் உடனடி மருத்துவமனைப் பதிவு போதும். வீட்டில் இருப்பவர்களின் பாஸ்புக்கை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 20 ரூபாய் பிடித்திருப்பது தெரியாமலே எத்தனையோ குடும்பங்கள் கிளைம் கேட்காமல் விட்டிருக்கின்றன.

இப்போது இரண்டாவது வாசல். மோதியவன் தரப்பு. இங்கே உங்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒப்பந்தமே இல்லை. காத்திருப்புக் காலம், விண்ணப்பப் படிவம், மறைத்தது எதுவும் செல்லாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. என்று மனு போடுகிறோமே, அங்கே கேள்வி வேறு: இந்த மனிதருக்கு இந்த ஓட்டுநரால் என்ன கேடு வந்தது?

1901-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கிலேயே இதற்கு அடிப்படை போட்டுவிட்டார்கள். அடிபட்டவரின் மண்டையோடு மெலிந்தது, இதயம் பலவீனமானது, அதனால்தான் இவ்வளவு கேடு என்று இடித்தவர் தப்பிக்க முடியாது. பழைய வீட்டின் சுவரில் லாரி மோதினால், "சுவர் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது" என்று லாரிக்காரர் கையை விரிக்க முடியாது. அதேசமயம், பழைய விரிசலுக்கும் சேர்த்துப் புதுச் சுவர் கட்டித் தா என்று வீட்டுக்காரரும் கேட்க முடியாது. நம் தீர்ப்பாயங்களில் இழுபறி நடப்பதெல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான்.

கழுத்து வலிக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கணினி முன்னால் வேலை, கழுத்தெலும்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, இருந்தும் தினமும் பைக்கில் ஆபீஸ் போய்வந்தார். விபத்துக்குப் பின் கை மரத்துப்போகிறது, பேனா பிடிக்க முடியவில்லை. சாட்சிக் கூண்டில் டாக்டரிடம் கம்பெனி வக்கீல் கேட்பார்: "இந்த எலும்புத் தேய்மானம் விபத்துக்கு முன்பே இருந்ததுதானே?" டாக்டர் நேர்மையானவர், "ஆமாம்" என்பார். வக்கீல் உட்கார்ந்துவிடுவார், அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வேண்டாம். நம் வக்கீல் எழுந்து அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: "தேய்மானம் இருந்தபோது இவருக்குக் கை மரத்துப்போனதாகப் பதிவு உண்டா? விபத்துக்குப் பின் இது மோசமானதா?" அந்தக் கேள்விக்கு டாக்டர் பதில் சொல்ல வேண்டுமென்றால் அவர் கையில் பழைய எம்.ஆர்.ஐ. ஃபிலிம் இருக்க வேண்டும். ஒளித்துவைக்கச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்கிற அதே பழைய ஃபைல்தான் இங்கே காப்பாற்றும். விபத்துக்கு முன் எப்படி இருந்தேன் என்று காட்டாமல், பின் எப்படி ஆனேன் என்று எப்படிக் காட்டுவது? சம்பளச் சீட்டு, வருகைப் பதிவேடு, கடைசியாகப் போன மருத்துவப் பரிசோதனை எல்லாம் அந்த 'முன்'னுக்குச் சாட்சி.

போலியோவால் ஒரு கால் ஏற்கெனவே மெலிந்தவர், நல்ல காலில் அடிபட்டால் என்ன ஆவார் என்று யோசியுங்கள். மற்றவருக்கு அது நொண்டல், இவருக்கு முடக்கம். பழைய ஊனச் சான்றிதழை இங்கேயும் மறைக்கக் கூடாது, மேலே எடுத்து வைக்க வேண்டும். உடம்பில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, அதனால் பிழைப்பில் எவ்வளவு போயிற்று என்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் விரிவாக விளக்கியிருக்கிறது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பே போகலாம், அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை நிலைக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் சொல்கிறது. சிகிச்சை எதுவும் செய்யாமல் தயாராகச் சான்றிதழ் நீட்டும் டாக்டர்களிடம் தீர்ப்பாயம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. "சதவீதம் ஏத்திப் போட்டுத் தர்றேன்" என்று கோர்ட் வாசலில் யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பழைய நோயுள்ளவரின் வழக்கில் இருக்கும் ஒரே சொத்து நம்பகத்தன்மை, அது போனால் உண்மையான வலியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மனு போட ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. அந்தக் கெடு செல்லுமா என்பதே உச்ச நீதிமன்றத்தில் விசாரணையில் இருக்கிறது, அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். கால் கட்டோடு இருந்தாலும் வக்கீலிடம் வீட்டார் யாரையாவது அனுப்புங்கள்.

இதற்கிடையில் வீட்டுக்கு ஒருவர் வருவார். கம்பெனி அனுப்பிய புலனாய்வாளர். தன்மையாகப் பேசுவார், "அம்மா, பழைய ஃபைல் ஏதாவது இருந்தா குடுங்க, சீக்கிரம் முடிச்சிடலாம்" என்பார். தெருமுனை மருந்துக் கடையிலும், நீங்கள் போகும் கிளினிக்கிலும் விசாரித்துவிட்டுத்தான் வந்திருப்பார். அவரைப் பகைக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஒரிஜினலைத் தராதீர்கள், நகல் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். எழுதாத தாளிலும் படிக்க முடியாத தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "எத்தனை வருஷமா சுகர்?" என்றால் மாத்திரைச் சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். "ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொன்னது, பாலிசிக்கு முன்பே நோய் இருந்தது என்பதற்குச் சாட்சியாகிவிடும். நம் ஊரில் எதையும் 'ஒரு பத்து வருஷம்' என்றுதான் சொல்வோம், அவருக்கு அது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

சொந்தப் பாலிசியில் மறுத்துவிட்டார்கள் என்றால், எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்னது மறுப்பே அல்ல. கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதம் பாருங்கள். பிறகு, ஒரு வருடத்துக்குள், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மோதியவரின் கம்பெனி மீதான கோரிக்கையை மட்டும் அங்கே எடுக்க மாட்டார்கள், அதற்குத் தீர்ப்பாயம்தான்.

நம் வாசகிக்கு இரண்டு வாசலும் திறந்திருக்கிறது. மருத்துவச் செலவை முதலில் சொந்தப் பாலிசியில் கேட்கட்டும். அது தராமல் விட்டதையும், வலிக்கும் வருமான இழப்புக்கும் உரியதையும் காரின் இன்ஷூரன்ஸ் மீது கேட்கட்டும். இரண்டு ஃபார்மிலும் 'சர்க்கரை நோய், ஆறு வருடமாக, மாத்திரையில்' என்று ஒரே மாதிரி எழுதட்டும். ஒன்றில் ஆறு, மற்றொன்றில் நான்கு என்று இருக்கக் கூடாது.

பழைய நோயைக் காரணம் காட்டி விபத்துக் கிளைம் மறுக்கப்பட்ட வாசகர்கள், மறுப்புக் கடிதத்தின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். பெயர், முகவரி, பாலிசி எண்ணை மையால் மறைத்துவிட்டு அனுப்பினால் போதும். எந்த விதியைக் காட்டியிருக்கிறார்கள், அதற்கு என்ன பதில் எழுதலாம் என்று காப்பீட்டு விவகாரங்களைப் பார்க்கும் வழக்கறிஞரிடம் கேட்டு, வரும் இதழ்களில் ஒவ்வொன்றாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்